துரவுக்குள் இருப்பவனுக்காக ஒரு மனு

தியானப் பகுதி: எரேமியா 38:1–13



கடந்த புதன்கிழமை வேதபாட வகுப்பில், எரேமியா தீர்க்கதரிசி துரவில் இறக்கப்பட்ட பகுதியைத் தியானித்தோம். எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியன் அரசனிடம் சென்று மன்றாடி அவரை மீட்டதைப் பற்றிப் பேசுகையில், ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னேன். 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது, குடியேற்றக் காவலில் இருந்த நோயாளிகளை விடுவிக்கும்படி அமெரிக்க நீதிமன்றங்கள் சில கட்டளையிட்டன என்பதே அது. வகுப்பு முடிந்தபின் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் எல்லாரும் போகும்வரை காத்திருந்து என்னோடு பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை; வருத்தம் இருந்தது.

"ஐயா, என் மகன் அந்த நாட்டில் பன்னிரண்டு வருஷமாய் வேலை செய்கிறான். கேட்ட காகிதத்தையெல்லாம் ஒழுங்காய்க் கொடுத்துவிட்டு, கிரீன் கார்டுக்காக இன்னும் வரிசையில் நிற்கிறான். 2020இல் அவன் அப்பா இறந்தபோது, போனால் திரும்பி வர விசா கிடைக்காது என்று அடக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை. கைப்பேசியில்தான் பார்த்தான். வரிசையில் நிற்காமல் உள்ளே போனவர்களை நீதிமன்றம் வெளியே விட்டதை எபெத்மெலேக்கோடு ஒப்பிடலாமா? எரேமியா குற்றம் செய்யாதவர் அல்லவா?"

அங்கே நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. அந்தத் தாயாரின் துயரம் உண்மையானது. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு மொத்த இடங்களில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற அந்நாட்டு விதியினால், நம் பிள்ளைகளில் பலர் தங்கள் இளமையையே வரிசையில் கழிக்கிறார்கள். அப்படிப்பட்ட தாயார் ஒருவர் கேட்ட கேள்விக்கு இரக்கத்தைப் பற்றிய இரண்டு இனிய வாக்கியங்களைப் பதிலாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியல்ல. எனவே அவருடைய அனுமதியோடு, இந்த வாரத் தியானத்தில் அந்தக் கேள்வியை நாம் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொள்வோம்.

காவலில் இருந்தவர்கள் யார்?

அமெரிக்காவில் குடியேற்றச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் துறையைச் சுருக்கமாக 'ஐஸ்' என்று அழைக்கிறார்கள். 2020 மார்ச் மாதத்தில் அத்துறையின் காவலில் 35,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். எல்லைக்கு வந்து புகலிடம் கேட்டவர்கள் அவர்களுள் உண்டு. விசாக் காலம் முடிந்தபின்னும் தங்கிவிட்டவர்கள் உண்டு. பல ஆண்டுகள் சட்டப்படி குடியிருந்து, பழைய குற்றம் ஒன்றின் காரணமாக நாடுகடத்தல் வழக்கில் சிக்கியவர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் நிரபராதிகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காவலில் ஒருவரும் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கவில்லை. குற்றம் செய்திருந்தவர்கள் அதற்குரிய தண்டனையை வேறிடத்தில் முடித்துவிட்டே அங்கே வந்திருந்தார்கள்.

அந்நாட்டுச் சட்டத்தின்படி குடியேற்றக் காவல் தண்டனை அல்ல. வழக்கு முடியும்வரை ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. 2001ஆம் ஆண்டு சாட்விடாஸ் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றமும் இந்த அடிப்படையிலிருந்தே தன் தீர்ப்பைக் கட்டியது. ஆயினும் இருப்பிடம் என்னவோ சிறைதான். பலர் மாவட்டச் சிறைகளிலேயே வைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மையங்களில் இருந்தார்கள். கூடம் கூடமாக அடுக்குக் கட்டில்கள், எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை, வரிசையில் நின்று வாங்கும் உணவு. ஆறு அடி தள்ளி நில்லுங்கள் என்று உலகம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், தள்ளி நிற்க இடமில்லாதவர்கள் அவர்கள்.

இதை முதலில் எடுத்துச் சொன்னவர்களுள், குடியேற்றக் காவல் மையங்களைப் பற்றி அந்த அரசுக்கே ஆலோசனை கூறிவந்த மருத்துவர்கள் இருவர் இருந்தனர். ஸ்காட் ஆலன், ஜோசையா ரிச் என்னும் அவ்விருவரும் 2020 மார்ச் 19 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு மையத்துக்குள் தொற்று புகுந்தால் அது வேகமாய்ப் பரவும். உள்ளே நோயுறுகிறவர்கள் அந்த ஊரின் மருத்துவமனைகளையே நிரப்பிவிடுவார்கள். எனவே ஆபத்து விளைவிக்காதவர்களை விடுவிப்பது வெளியில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு என்பதே அவர்கள் எச்சரிக்கையின் சாரம்.

நீதிமன்றங்கள் என்ன செய்தன?

காவலில் இருந்தவர்களின் சார்பில் வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களுக்குச் சென்றார்கள். அவர்கள் எடுத்துச் சென்றது நாம் செய்தித்தாளில் அடிக்கடி வாசிக்கும் ஆட்கொணர்வு மனு. ஒருவரை அடைத்துவைத்திருப்பவர், எந்த அதிகாரத்தினால் அடைத்துவைத்திருக்கிறார் என்று நீதிபதியின் முன் பதில் சொல்லவேண்டும் என்பதே அந்த மனுவின் பொருள்.

2020 மார்ச் 26 அன்று நியூயார்க்கில் நீதிபதி அனாலிசா டோரஸ், நியூ ஜெர்சியின் மாவட்டச் சிறைகளில் இருந்த பத்துப் பேரை உடனே விடுவிக்கும்படி உத்தரவிட்டார். மார்ச் 31 அன்று பென்சில்வேனியாவில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் அதேபோன்ற கட்டளை பிறப்பித்தார். ஏப்ரல் 20 அன்று கலிபோர்னியாவில் நீதிபதி ஹேசூஸ் பெர்னால், நாடு முழுவதும் காவலில் இருக்கும் 55 வயதைக் கடந்தோரையும் கர்ப்பிணிகளையும் நாட்பட்ட நோயாளிகளையும் கண்டறிந்து, அவர்களை இனியும் அடைத்துவைக்க வேண்டுமா என்று மறுபரிசீலனை செய்யும்படி ஐஸ் துறைக்கு ஆணையிட்டார். ஏப்ரல் 30 அன்று சான் டியேகோவில் நீதிபதி டேனா சப்ரா, ஓட்டை மெசா மையத்திலுள்ள நோயாளிகளைப் பற்றித் தீர்ப்பளித்தார். இவர்கள் ஒரே கட்சியைச் சார்ந்த அதிபர் நியமித்தவர்கள் அல்லர். டோரஸையும் பெர்னாலையும் நியமித்தவர் பராக் ஒபாமா. ஜோன்ஸையும் சப்ராவையும் நியமித்தவர் இளைய ஜார்ஜ் புஷ்.

அவர்கள் எதை ஆதாரமாகக் கொண்டார்கள்? அந்நாட்டு அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம், உரிய சட்ட நடைமுறையின்றி எந்த மனிதருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. ஒருவரைக் காவலில் எடுக்கும் அரசு, அவர் தம்மைத்தாமே பாதுகாத்துக்கொள்ளும் வழியை அடைத்துவிடுகிறபடியால், அவருடைய பாதுகாப்புக்கு அதுவே பொறுப்பேற்கவேண்டும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. பூட்டியவன் கையில் சாவி மட்டும் இருக்கவில்லை. பூட்டப்பட்டவனின் மூச்சும் அவன் கையில்தான் இருக்கிறது.

எபெத்மெலேக் எதைக் கேட்டான்?

இப்போது வேதப் பகுதிக்குத் திரும்புவோம். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கிறது. எரேமியாவின் வார்த்தைகள் போர்வீரர்களின் கைகளைத் தளரச்செய்கின்றன என்று பிரபுக்கள் அரசனாகிய சிதேக்கியாவிடம் குற்றஞ்சாட்டுகிறார்கள். அது போர்க்காலத்தில் கடுமையான குற்றச்சாட்டு. அரசன் கையை விரித்துவிடுகிறான். அவர்கள் தீர்க்கதரிசியைக் கயிறுகளினால் துரவுக்குள் இறக்கிவிடுகிறார்கள். அதில் தண்ணீர் இல்லை, உளை இருக்கிறது, அவர் அதில் அமிழ்கிறார்.

அப்போது அரண்மனை ஊழியன் ஒருவன், அந்நிய தேசத்தான், பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருந்த அரசனிடம் செல்கிறான். இஸ்ரவேலில் நகர வாசல் வழக்குகள் கேட்கப்படும் இடம் என்பதை நாம் அறிவோம். எனவே எபெத்மெலேக் அங்கே சொன்னதை ஒரு மனுவாகவே வாசிக்கலாம்.

அந்த மனுவில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று கவனியுங்கள். எரேமியாவைத் துரவில் போட்டது தீமையான செயல் என்று அவன் துணிந்து சொல்கிறான். அங்கேயே இருந்தால் அவர் பசியினால் இறந்துபோவார் என்கிறான். அவ்வளவுதான். போர்வீரர்களின் மனத்தை அவர் தளரச்செய்தாரா இல்லையா என்ற வழக்குக்குள் அவன் போகவேயில்லை. அதைத் தீர்த்தபின் தூக்கலாம் என்று அவன் காத்திருந்தால், தூக்கியெடுக்க உயிருள்ள மனிதன் இருந்திருக்கமாட்டான்.

அரசனுடைய கட்டளையும் அதற்கு இசைந்ததாகவே இருந்தது. அவர் சாகுமுன் அவரைத் தூக்கியெடு என்கிறான். 'விடுதலை செய்' என்று சொல்லவில்லை. பதின்மூன்றாம் வசனத்தின் முடிவைப் பாருங்கள்: தூக்கியெடுக்கப்பட்ட எரேமியா வீட்டுக்குப் போகவில்லை, காவற்சாலையின் முற்றத்திலேயே தங்கியிருந்தார். அவருடைய வழக்கு தீரவில்லை. துரவிலிருந்து மட்டும் வெளியே வந்தார்.

அம்மா, எரேமியா குற்றமற்றவர் என்று நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அவர் துரவிலிருந்து எடுக்கப்பட்டது, குற்றமற்றவர் என்று தீர்ப்பாகிவிட்டதால் அல்ல. சாகும்படி ஒருவனை உளையில் விட்டுவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்பதனால் எடுக்கப்பட்டார். 2020இல் அந்த நீதிபதிகள் கட்டளையிட்டதும் இதற்கு மேற்பட்டதல்ல. வெளியே வந்தவர்களின் நாடுகடத்தல் வழக்குகள் அப்படியே தொடர்ந்தன. தங்கும் முகவரியைத் தெரிவிக்கவேண்டும், அழைத்தபோது ஆஜராகவேண்டும், தனிமைப்படுத்திக்கொள்ளவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருந்தன. சிலர் கணுக்காலில் மின்னணுக் கண்காணிப்புக் கருவியோடு சென்றார்கள். உங்கள் மகன் நிற்கும் வரிசையில் அவர்களில் ஒருவரும் அவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்படவில்லை.

இதற்குச் சான்று வேண்டுமானால், நம் இனத்தவர் ஒருவருடைய வழக்கிலேயே அது இருக்கிறது. 2020 ஜூன் 25 அன்று, புகலிடம் கேட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவரும் ஆட்கொணர்வு மனுவே போட்டிருந்தார். அந்த மனு காவலிலிருந்து விடுதலை கேட்பதற்கு உரியது. நாட்டில் தங்கும் உரிமைக்காக மறுவிசாரணை கேட்பதற்கு உரியதல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். அந்தத் தீர்ப்பு எனக்குத் துயரமளித்தது. ஆயினும் துரவிலிருந்து எடுக்கப்படுவது ஒன்று, குடியிருக்கும் உரிமை பெறுவது வேறொன்று என்பதை அது ஐயமின்றிக் காட்டுகிறது. இரண்டாவதைப் பற்றி நல்ல கிறிஸ்தவர்கள் பலவாறு எண்ணலாம். முதலாவதைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை என்பதே என் தாழ்மையான நம்பிக்கை.

எதிர்வாதங்களும் கேட்கப்படவேண்டும்

இந்தக் கட்டளைகளை எல்லா நீதிபதிகளும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2020 மார்ச் 19 அன்று சியாட்டிலில் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் இத்தகைய விண்ணப்பம் ஒன்றை ஏற்க மறுத்தார். நீதிபதி ஜோன்ஸ் ஏப்ரலில் இருபது பேரை விடுவிக்கச் சொன்ன ஆணைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டில் நீக்கியது. ஆட்கொணர்வு மனு போடலாம் என்பதை அந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே ஆராயாமலும், அரசின் தரப்பைப் போதுமான அளவு கேளாமலும் ஆணையிட்டது தவறு என்றது. நீதிபதி பெர்னாலின் நாடுதழுவிய ஆணையும் 2021 அக்டோபரில் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது.

ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்கவேண்டும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். கடுமையான குற்றப் பின்னணி உள்ள ஒருவரால் பிறருக்கு ஆபத்து நேருமோ என்று கேட்பதும் அயலானை நேசிப்பதில் ஒரு பகுதியே. அதைச் செய்து காட்டிய நீதிபதிகளும் உண்டு. கலிபோர்னியாவில் வின்ஸ் சாப்ரியாவும், மாசசூசெட்ஸில் வில்லியம் யங்கும், ஒவ்வொருவருடைய பிணை விண்ணப்பத்தையும் தனியாக எடுத்து, நாளுக்குச் சிலராகப் பார்த்து முடிவுசெய்தார்கள். அது மெதுவான வேலை. ஆனால் முடியாத வேலை அல்ல.

இன்னொரு வாதத்தை அரசுத் தரப்பு பல வழக்குகளில் முன்வைத்தது: தொற்று வெளியிலும் இருக்கிறதே, வெளியே போனால் மட்டும் பாதுகாப்பா? இந்தக் கேள்விக்கு விடை எபெத்மெலேக்கின் மனுவிலேயே இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் வாசித்தும் நான் கவனிக்கவில்லை. எரேமியா பசியினால் சாவார் என்றவன், நகரத்திலேயே இனி அப்பம் இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறான். பிரபுக்கள் உடனே சிரித்திருக்கலாம்: நகரம் முழுவதும் பட்டினி என்றால், வெளியே எடுத்து என்ன பயன்? ஆனால் அந்த எத்தியோப்பியன் அறிந்திருந்தான். அப்பமில்லாத நகரத்திலும் வெளியே இருப்பவன் தேடலாம், கேட்கலாம், அண்டைவீட்டான் பகிர்ந்தால் வாங்கலாம். துரவுக்குள் இருப்பவனால் தேடவும் முடியாது, கேட்கவும் முடியாது. பஞ்சம் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் துரவு எல்லாருக்கும் பொதுவானதல்ல.

அப்படியே 2020இல் நாமெல்லாரும் தொற்றுக்குப் பயந்தோம். ஆனால் நாம் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. இருமுகிறவரை விட்டு விலகிப் போக முடிந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் தனியறையில் படுக்கவைக்க முடிந்தது. மேல்கட்டிலில் இருமுகிறவனை விட்டு அவனால் எங்கே போகமுடியும்?

காலம் தாழ்ந்த கயிறு

ஒரு காரியத்தை மனபாரத்தோடு எழுதுகிறேன். நான் மேலே குறிப்பிட்ட ஓட்டை மெசா மையத்தில்தான் அந்நாட்களில் குடியேற்றக் காவலில் இருந்தோரிடையே மிகப்பெரிய தொற்று பரவியிருந்தது. நீதிபதி சப்ரா தீர்ப்பளித்த ஏப்ரல் 30 அன்று, அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட நீரிழிவு நோயாளி ஒருவர் ஏற்கெனவே மருத்துவமனையில் இருந்தார். மே 6 அன்று அவர் இறந்தார். குடியேற்றக் காவலில் கொரோனாவினால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. கயிறு வந்தது, ஆனால் அவருக்கு அது காலம் தாழ்ந்து வந்தது.

அந்த ஏப்ரல் மாதத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஞாயிறுதோறும் கைப்பேசியை ஒரு முக்காலியின்மேல் நிறுத்தி உங்களுக்கு ஆராதனை நடத்தினேன். ஜெபக் குறிப்புகள் எல்லாம் அந்த ஏட்டில் இருக்கின்றன. மருத்துவர்களுக்காக, செவிலியருக்காக, வேலையிழந்தோருக்காக, வெளிநாட்டில் சிக்கியிருந்த நம் பிள்ளைகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்திருக்கிறோம். காவலில் இருப்பவர்களுக்காக ஒரு வரிகூட இல்லை. கட்டப்பட்டிருக்கிறவர்களை, அவர்களோடு நாமும் கட்டப்பட்டிருப்பதுபோல நினைக்கவேண்டும் என்று எபிரெயர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் கற்பிப்பதைப் பலமுறை பிரசங்கித்தவன் நான். நீதிபதிகள் நினைத்தவர்களை நான் நினைக்கவில்லை. இதை உங்கள் முன் அறிக்கையிடுகிறேன்.

அது தூரதேசத்துக் காரியம் என்று சாக்குச் சொல்லவும் எனக்கு வழியில்லை. அதே 2020 ஏப்ரல் 13 அன்று, அசாம் மாநிலத்தில் வெளிநாட்டவர் என்று அறிவிக்கப்பட்டுத் தடுப்பு மையங்களில் இருந்தவர்களைப் பற்றி நம் உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. மூன்று ஆண்டுகள் முடித்தவர்களுக்கே முன்பு விடுதலை கிடைத்தது. அது இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஒரு லட்சம் ரூபாயாக இருந்த பிணைத்தொகை ஐயாயிரமாயிற்று. நம் நாட்டிலும் துரவுகள் இருந்தன. நம் நாட்டிலும் வாசலில் மனு வைத்தவர்கள் இருந்தார்கள். சபையாகிய நாம்தான் அங்கே இல்லை.

பழந்துணிகளைத் தேடியவன்

இந்தப் பகுதியில் ஒரு சிறிய விவரம் என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. அரசனுடைய கட்டளையைப் பெற்றவுடன் எபெத்மெலேக் நேரே துரவுக்கு ஓடவில்லை. பொக்கிஷ அறையின் கீழுள்ள இடத்துக்குப் போய், கிழிந்த பழந்துணிகளைப் பொறுக்கியெடுக்கிறான். அவற்றைத் துரவுக்குள் இறக்கி, கயிறு அறுக்காதபடி அக்குள்களில் வைத்துக்கொள்ளும்படி எரேமியாவுக்குச் சொல்கிறான். அரசன் முப்பது பேரைக் கொடுத்தான். பழந்துணியைப் பற்றி அரசன் எண்ணவில்லை, எண்ணியிருக்கவும் மாட்டான். கட்டளையினால் ஒரு மனிதனைத் தூக்கமுடியும். அவன் உடம்பு நோகாமல் தூக்க, அவனை மனிதனாக எண்ணும் ஒருவன் வேண்டும்.

2020இலும் அப்படியே நடந்தது. விடுதலை கேட்டவர் எங்கே தங்குவார், யார் அவரை ஏற்றுக்கொள்வார் என்று வழக்கறிஞர்கள் நீதிபதிக்குச் சொல்லவேண்டியிருந்தது. முகவரி இல்லாதவருடைய மனு பலவீனமான மனு. ஆகவே யாரோ ஒருவர் தம் வீட்டு அறையை, நோய்க்குப் பயந்திருந்த அந்த நாட்களிலேயே, ஓர் அந்நியருக்கென்று எழுதிக்கொடுக்கவேண்டியிருந்தது. சிறைவாசலில் காருடன் காத்திருக்க, மருந்துச்சீட்டுக்கு மருந்து வாங்க, குடும்பத்தாரோடு பேசக் கைப்பேசி கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. இவையெல்லாம் பழந்துணிகள். இவற்றை எந்த நீதிமன்றமும் ஆணையாகப் பிறப்பிக்கமுடியாது. இவை சபையின் வேலை. அந்நியனாயிருந்தவனைச் சேர்த்துக்கொண்டதையும் காவலில் இருந்தவனைப் பார்க்கவந்ததையும் தமக்கே செய்ததாக நம் ஆண்டவர் எண்ணுகிறார் என்று மத்தேயு 25இல் வாசிக்கிறோம். அவர் அங்கே குற்றப்பத்திரிகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, பெருந்தொற்று கடந்துவிட்டது. காவல் மையங்கள் கடந்துவிடவில்லை. நம் சபையில் முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களோடு பேசும்போது ஒன்று கேளுங்கள்: நீ இருக்கும் ஊருக்கு அருகே குடியேற்றக் காவல் மையம் இருக்கிறதா? அங்கே உள்ளவர்களைச் சந்திக்கும் சபைகள் எவை? உன்னால் மாதம் ஒருமுறை போகமுடியுமா? தங்கள் விசா நிலையை எண்ணி அவர்கள் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. கடிதம் எழுதலாம், மருந்துக்கு உதவலாம், பெயர் சொல்லி ஜெபிக்கலாம். இங்கே இருக்கும் நாமும் வருகிற ஞாயிறு முதல் நம் ஜெபக் குறிப்பில் காவலில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வோம்.

அந்தத் தாயாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் மகன் தன் தகப்பனுடைய முகத்தைக் கைப்பேசியில் பார்த்து அழுததை நான் அறிவேன். அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். ஒரு காகிதம் இல்லாததனால் ஒரு மனிதனுடைய மிக நெருக்கமான துயரம் எப்படிப் பூட்டப்படுகிறது என்பதை நம் சபையில் உங்கள் குடும்பத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. துரவுக்குள் இருப்பவனுக்காகப் பேச உங்களைவிடத் தகுதியுள்ளவர் இங்கே யார்? உங்கள் வரிசை நியாயமாக நகரவேண்டும் என்று நான் தொடர்ந்து ஜெபிப்பேன். அவர்கள் மூச்சுக்காக நீங்களும் என்னோடு ஜெபிப்பீர்களா?

ஜெபம்

எங்கள் பரலோகப் பிதாவே, உளையில் அமிழ்கிறவனைக் காண்கிற தேவனே, உம்மைத் துதிக்கிறோம். நியாயம் தீர்க்கிறவர்களுக்கு, சாகுமுன் தூக்கியெடுக்கச் சொல்லும் துணிவைத் தாரும். அடைத்துவைக்கிறவர்களுக்கு, தாங்கள் எதற்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்ற பயத்தைத் தாரும். வரிசையில் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளின் நாட்களை வீணாக்காதேயும். நாங்கள் மறந்துபோனவர்களை நீர் மறக்கவில்லை என்பதற்காக உமக்கு நன்றி. எங்கள் மறதியை மன்னித்து, பழந்துணிகளைத் தேடும் கைகளை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.